பாக்கெட்டில் ‘கிளாஸ் 100’ என்று போட்டிருந்தால் போதுமா?

கேள்வி: ஓசூர் பக்கம் சிறிய தொழிற்கூடம் நடத்துகிறோம். ஐஎஸ்ஓ 7 கிளீன்ரூமில் (காற்றில் துகள்களைக் கட்டுப்படுத்திய அறை) பிவிசி குழாய்களை ஒட்டி, கதீட்டர் (உடலுக்குள் செலுத்தும் மெல்லிய குழாய்) அசெம்பிள் செய்து, பாக்கெட் போட்டு, இடிஓ (எத்திலீன் ஆக்சைடு வாயு) ஸ்டெரிலைசேஷனுக்கு வெளியே அனுப்புகிறோம். வைப்ஸ் (துடைக்கும் துணி), கையுறை, ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்), ஸ்டிக்கி மேட் (கால் தூசியைப் பிடிக்கும் ஒட்டும் விரிப்பு) என்று செலவு மாதாமாதம் ஏறுகிறது. ‘கிளாஸ் 100’ என்று அச்சிட்ட வைப்ஸை ஒரு சப்ளையர் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? தரை துடைக்க மட்டுமாவது பனியன் வேஸ்டைத் துவைத்துப் பயன்படுத்தலாமா? எல்லாமே ஸ்டெரைலாகத்தான் வாங்க வேண்டுமா?

பதில்: பனியன் வேஸ்டை முதலில் முடித்துவிடுகிறேன். வேண்டாம், தரைக்கும் வேண்டாம். பருத்தி நூல் குட்டை இழைகளை முறுக்கிச் செய்தது. எத்தனை முறை துவைத்தாலும் பிசிறு உதிரும். வெட்டிய ஓரத்தில் இன்னும் அதிகமாக உதிரும். தரையில் விழுந்த பிசிறு தரையிலேயே கிடக்காது. ஆட்கள் நடக்க நடக்க எழும்பி மேசைக்கு வரும். அப்புறம் குழாயின் உள்பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். கதீட்டருக்குள் ஓர் இழை இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ‘கிளாஸ் 100’ அமெரிக்காவின் பழைய ஃபெடரல் ஸ்டாண்டர்ட் 209-இல் இருந்து வந்த பெயர். ஒரு கன அடிக் காற்றில், 0.5 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 100-க்கு மிகாமல் இருக்க வேண்டும் என்று அர்த்தம். 2001 நவம்பரில் அந்தத் தரநிலையையே திரும்பப் பெற்றுவிட்டார்கள். இப்போது நடப்பில் இருப்பது ஐஎஸ்ஓ 14644-1. பழைய கிளாஸ் 100 இதில் ஐஎஸ்ஓ 5 ஆகிறது. ஒரு கன மீட்டருக்கு 3,520 துகள். உங்கள் ஐஎஸ்ஓ 7 அறைக்கு எல்லை 3,52,000. பழையதோ புதியதோ, இரண்டும் அளப்பது அறையின் காற்றை. துணியை அளப்பதற்கு அவற்றில் இடமே இல்லை. ஆகவே பாக்கெட்டில் உள்ள அந்த வரி, அதிகபட்சம் ‘அப்படிப்பட்ட அறையில் துவைத்து மடித்தோம்’ என்பதைச் சொல்லலாம். சில சப்ளையர்கள் விஷயத்தில் அதைக்கூட நம்ப முடியாது.

அவரிடம் சான்றிதழ் கேட்காதீர்கள், டேட்டா ஷீட் கேளுங்கள். வைப்ஸுக்கு ஐஇஎஸ்டி (கிளீன்ரூம் சோதனை முறைகளை வகுக்கும் அமைப்பு) வெளியிட்ட ஆர்பி-சிசி004, கையுறைக்கு ஆர்பி-சிசி005 என்ற சோதனை முறைகள் உண்டு. அவற்றின்படி எத்தனை துகள், எத்தனை இழை, கரைப்பானில் ஊறவைத்தால் எவ்வளவு படிவு மிஞ்சுகிறது, சோடியம், குளோரைடு போன்ற அயனிகள் எவ்வளவு, எவ்வளவு திரவம் உறிஞ்சும் என்பதெல்லாம் எண்ணாக இருக்க வேண்டும். இரண்டு கம்பெனி எண்களை ஒப்பிடும்போது சோதனை முறை ஒன்றுதானா என்று பாருங்கள். துணியைத் தண்ணீரில் மெதுவாக அலசினால் ஓர் எண் வரும், பலமாகக் குலுக்கினால் அதே துணியே பல மடங்கு துகளைக் கொட்டும். இன்னொன்று: ஷீட்டில் உள்ளது ‘வழக்கமான மதிப்பா’, ‘உச்ச வரம்பா’? வழக்கமான மதிப்பு என்றால் உங்கள் கைக்கு வரும் லாட்டுக்கு அது எந்த உத்தரவாதமும் தராது. 2023-இல் ஐஎஸ்ஓ 14644-18 என்று நுகர்பொருள்கள் பொருத்தமானவையா என மதிப்பிடுவதற்கே தனிப் பகுதி வந்திருக்கிறது. ஆடிட்டில் ‘ஏன் இந்த வைப்ஸ்?’ என்று கேட்டால் அதைக் காட்டிப் பேசலாம்.

டேட்டா ஷீட் கைக்கு வரும்வரை நீங்களே ஒரு சோதனை செய்யலாம். லேமினார் ஃப்ளோ மேசையில் (வடிகட்டிய காற்று ஒரே சீராக வீசும் மேசை) பார்ட்டிகிள் கவுண்டரின் (காற்றில் உள்ள துகளை எண்ணும் கருவி) முனையை நிறுத்தி, அதற்கு முன்னால் பழைய வைப்பை உதறுங்கள். பிறகு புதியதை அதே தூரத்தில் அதே மாதிரி உதறுங்கள். வரும் எண்ணைத் தரநிலையோடு பொருத்திப் பார்க்க முடியாது, ஆனால் இரண்டில் எது மோசம் என்று தெரிந்துவிடும். அடுத்து, வைப்பை ஐபிஏயில் ஊறவைத்துப் பிழிந்து, அந்தத் திரவத்தைச் சுத்தமான கண்ணாடித் தகட்டில் சில துளி விட்டுக் காயவிடுங்கள். வெளுத்த வளையம் தெரிந்தால் துணியில் பசையோ சோப்போ மிச்சமிருக்கிறது. விலை பாதி என்பதன் ரகசியம் பெரும்பாலும் அந்த வளையத்தில்தான் இருக்கும்.

இனி செலவு. ஒரே வைப்ஸை எல்லா வேலைக்கும் பயன்படுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன்; பணம் போவது அங்கேதான். குழாய், ஜிக் (பாகங்களைப் பிடித்துவைக்கும் அச்சு), அசெம்பிளி மேசை, அதாவது தயாரிப்பு தொடும் இடங்களுக்கு, அறாத நீண்ட இழையில் பின்னிய, நூறு சதவீத பாலியெஸ்டர் வைப்ஸ் வேண்டும். ஓரங்கள் லேசரிலோ அல்ட்ராசோனிக்கிலோ உருக்கி மூடப்பட்டிருக்க வேண்டும். சும்மா கத்தியால் வெட்டிய ஓரம் என்றால், நல்ல துணியும் ஓரத்தில் உதிரும். சுவர், டிராலி, சிந்தியதைத் துடைப்பது போன்றவற்றுக்கு செல்லுலோஸும் பாலியெஸ்டரும் கலந்த நெய்யாத வைப்ஸ் போதும். விலையும் கணிசமாகக் குறைவு, திரவத்தையும் நன்றாக உறிஞ்சும். தரைக்கு பாலியெஸ்டர் மாப். இரண்டு வகை வைப்ஸும் கலந்துவிடாமல் இருக்க வெவ்வேறு நிறப் பெட்டியில் வையுங்கள். எஸ்ஓபியில் (வேலைமுறைக் கையேடு) பக்கம் பக்கமாக எழுதுவதைவிட இது நன்றாக வேலை செய்யும்.

துடைக்கும் முறையைச் சரிசெய்தாலே செலவு இறங்கும். வைப்பை இரண்டு முறை மடித்தால் பிரித்துப் பிரித்துப் பயன்படுத்த எட்டுப் பக்கம் கிடைக்கும். பந்தாகச் சுருட்டிப் பிடித்தால் அத்தனையும் வீண், அழுக்கான பக்கமே திரும்பத் திரும்ப மேசையில் படும். காய்ந்த துணி துகளை இடம் மாற்றும், அவ்வளவுதான். ஈரமான துணிதான் பிடித்துக்கொள்ளும். ஆனால் சொட்டச் சொட்ட நனைக்காதீர்கள். மேலிருந்து கீழே, சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்கான பக்கத்துக்கு, ஒரே திசையில், முந்தைய கோட்டின் மேல் கொஞ்சம் ஏறிவரும்படி இழுங்கள். வீட்டு மேசை துடைப்பது போல வட்டம் போடும் பழக்கத்தை ஆட்களிடமிருந்து விரட்டுவது பெரும்பாடு, விடாதீர்கள்.

ஸ்டெரைல் கேள்விக்கு வருகிறேன். உங்கள் பொருள் கடைசியில் இடிஓவுக்குப் போகிறது. எனவே அசெம்பிளிக்கு காமா கதிரில் ஸ்டெரிலைஸ் செய்த கையுறையும் வைப்ஸும் பொதுவாகத் தேவையில்லை. அதில் தாராளமாக மிச்சம் பிடியுங்கள். ஸ்டெரைல் என்றால் உயிருள்ள கிருமி இல்லை என்றுதான் பொருள், துகள் இல்லை என்று அல்ல. அறுவைசிகிச்சைக் கையுறை ஸ்டெரைல்தான், ஆனால் கிளீன்ரூமுக்கென்று கழுவிய கையுறை அளவுக்கு அதில் துகள் குறைவாக இருக்காது. ஆனால் ஒரு விஷயத்தில் கவனம். இடிஓ கிருமியைக் கொல்லும், செத்த கிருமியின் எண்டோடாக்சினை (உடலில் காய்ச்சல் உண்டாக்கும் நச்சு) நீக்காது. மேலும் உங்கள் ஸ்டெரிலைசேஷன் வேலிடேஷனே (முறை வேலை செய்கிறது என்று சோதித்து நிரூபிப்பது) ‘உள்ளே வரும் பொருளில் இவ்வளவு கிருமிதான் இருக்கும்’ என்ற கணக்கில் நிற்கிறது. ஆகவே மாப்பை நனைக்கக் குழாய்த் தண்ணீர் கூடாது. ஈரமான மாப்பை இரவு முழுக்க வாளியில் ஊறவைப்பதும் கூடாது.

கையுறையில் நைட்ரைல், பவுடர் இல்லாதது, மணிக்கட்டைத் தாண்டி கவுன் கையின் மேல் ஏறும் நீளம். வினைல் மலிவுதான், ஆனால் அதில் உள்ள பிளாஸ்டிசைசர் (பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் வேதிப்பொருள்) உங்கள் தயாரிப்பின் மேல் படியும். லேடெக்ஸில் புரத ஒவ்வாமைப் பிரச்சினை உண்டு. குழாய் ஒட்ட சைக்ளோஹெக்சனோன் பயன்படுத்துகிறீர்கள் என்றால், அது கீட்டோன் வகை. மெல்லிய நைட்ரைல் அதற்குத் தாக்குப்பிடிக்காது. வெளியே பார்க்க முழுசாக இருக்கும், உள்ளே கரைப்பான் ஊடுருவியிருக்கும். விரலில் பட்டால் உடனே மாற்றச் சொல்லுங்கள். அதைவிட, விரலே படாதபடி டிஸ்பென்சர் வைத்தால் கையுறைச் செலவே குறையும்.

ஐபிஏ 70 சதவீதமே சரி. 99 சதவீதம் வீரியம் கூடியது என்று பலர் நினைக்கிறார்கள். கிருமியின் புரதத்தைச் சிதைக்க தண்ணீர் வேண்டும், தண்ணீர் இருந்தால்தான் ஆவியாவதும் தாமதமாகும். ஸ்போரை (சில கிருமிகள் எடுக்கும் உறங்கும், கடினமான வடிவம்) எந்த சதவீத ஐபிஏயும் கொல்லாது. அதற்கு இடையிடையே ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற ஸ்போர் கொல்லி வேண்டும். ஹைப்போகுளோரைட் போட்டால் பின்னாலேயே சுத்தத் தண்ணீரால் துடையுங்கள், இல்லாவிட்டால் ஸ்டீல் அரிக்கும். ஸ்பிரே பாட்டிலில் மிச்சத்தின் மேல் மிச்சமாக ஊற்றி நிரப்பாதீர்கள். காலியாக்கி, கழுவி, தேதி ஒட்டி நிரப்புங்கள்.

ஸ்டிக்கி மேட்டுக்கு நாளைக்கு இத்தனை தாள் என்று கணக்கு இல்லை, தடம் தெரிந்தால் உரியுங்கள். ஒவ்வொரு காலும் இரண்டு முறையாவது பதியும் நீளம் வேண்டும், டிராலி போகும் வழியென்றால் சக்கரம் ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். போடும் இடம் கவுனிங் ரூமுக்கு (கிளீன்ரூம் உடை மாற்றும் அறை) வெளியே. உரிக்கும்போது மூலையிலிருந்து மெதுவாக, ஒட்டும் பக்கம் உள்ளே போகும்படி சுருட்டுங்கள்.

கடைசியாக, அட்டைப்பெட்டி. எவ்வளவு நல்ல வைப்ஸ் வாங்கினாலும், அட்டையோடு உள்ளே கொண்டுபோனால் காசு போச்சு. பெட்டியை ஸ்டோரிலேயே பிரியுங்கள், வெளிப்பையை ஐபிஏயால் துடைத்து பாஸ் பாக்ஸ் (சாமான்களை அறைக்குள் அனுப்பும் சுவர்ப் பெட்டி) அருகே கழற்றுங்கள், உள்பை மட்டும் அறைக்குள் போகட்டும். இரட்டைப் பை இல்லாமல் வரும் சரக்கை, பாதி விலை என்றாலும், திருப்பி அனுப்பிவிடுங்கள்.