இலங்கைத் தமிழ் அகதி முகாம் வாசகர்களின் குடியுரிமைக் கேள்விகள்

வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிறந்த தேதியே இல்லை. தேதியும் பிறந்த ஊரும் தெரியாமல் குடியுரிமைக் கேள்வி எதற்கும் பதில் சொல்ல முடியாது.

கே: 1986 கடைசியில் மண்டபம் முகாமில் பிறந்தேன். இந்தியக் குடியுரிமைக்கு எப்படி விண்ணப்பிப்பது?

விண்ணப்பிக்கவே வேண்டாம், நீங்கள் இந்தியர்தான். 26.1.1950 முதல் 30.6.1987 வரை இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவரானாலும், பிறப்பாலேயே குடிமக்கள். நேராகப் பாஸ்போர்ட்டுக்குப் போடுங்கள். மறுத்தால், 1986-ல் மண்டபத்தில் பிறந்த ஒருவருக்குப் பாஸ்போர்ட் வழங்கச் சொல்லி 2022-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை போட்ட உத்தரவைக் காட்டுங்கள். பிறப்பு பதிவாகவில்லை என்றால் முதலில் பதிவின்மைச் சான்று (பதிவேட்டில் பிறப்பு இல்லை என்ற சான்று), பிறகு ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) உத்தரவு. பள்ளி டி.சி.யிலும் முகாம் பதிவேட்டிலும் தேதி ஒன்றாக இருக்கட்டும். ஒரு நாள் மாறினாலும் போலீஸ் விசாரணையில் நின்றுவிடும்.

கே: ஆதார் கிடைத்துவிட்டது. வாக்காளர் அட்டையும் எடுக்கலாமா?

கூடாது. ஆதார் குடியுரிமைக்குச் சான்று அல்ல என்று ஆதார் சட்டமே சொல்கிறது. வாக்காளர் பட்டியலுக்குப் பொய் உறுதி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை. வெளிநாட்டவர் என்பதை மறைத்து இந்தியப் பாஸ்போர்ட் வாங்கினால் 1 முதல் 5 ஆண்டு. 'எல்லாரும் எடுக்கிறார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். வழக்கு வந்தால் எல்லாரும் வந்து நிற்க மாட்டார்கள்.

கே: 1990-ல் படகில் வந்தேன். கணவர் உள்ளூர்க்காரர். 2011-ல் பிறந்த மகன் இந்தியன்தானே?

இன்றைய சட்டப்படி இல்லை. 3.12.2004 முதல் பிறந்த பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதாது, மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாகவும் இருக்கக் கூடாது. உங்களைப்போலப் பாஸ்போர்ட் இல்லாமல் வந்தவர்களைச் சட்டம் அந்தப் பெயரில்தான் அழைக்கிறது. குண்டுக்குத் தப்பி வந்தவருக்கும் அதே பெயர் என்பது பெரும் அநியாயம். மகனுக்கு அடுத்த பதிலைப் படியுங்கள்.

கே: பிள்ளைகளை இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்தால் இந்தியக் குடியுரிமை வாய்ப்பு போய்விடும் என்கிறார்களே?

இந்தப் பேச்சால் எத்தனை பிள்ளைகள் எந்த நாட்டுக்கும் சேராமல் நிற்கிறார்கள்! அகதிப் பெற்றோருக்கு 1.7.1987 முதல் இங்கே பிறந்த பிள்ளை இந்தியர் அல்ல. இலங்கையரும் அல்ல, பதியும் வரை. வெளிநாட்டில் பிறந்தால் இலங்கைக் குடியுரிமை தானாக வராது; ஓராண்டுக்குள் பதிய வேண்டும், தாண்டினால் தாமதக் கட்டணம் கட்டிப் பதிய வேண்டும். பதியாமல் விடுவதால் இந்தியா ஒரு அங்குலமும் நெருங்கி வராது.

பிள்ளையின் பிறப்புச் சான்று (பெயர் ஏறியது, 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருந்தால் முதலில் பெயரை ஏற்றுங்கள்), பெற்றோரின் இலங்கைப் பிறப்புச் சான்று, திருமணச் சான்று, முகாம் அட்டை ஆகியவை கையில் இருக்கட்டும். சிக்குவது இரண்டு இடத்தில். ஒன்று, முகாமில் நடந்த கல்யாணத்தைப் பதியாமல் விட்டிருப்பார்கள். மற்றொன்று பெயர்: இலங்கைச் சான்றில் முழுப்பெயர், முகாம் அட்டையில் வீட்டில் கூப்பிடும் பெயர். இருவரும் ஒருவரே என்று நோட்டரி உறுதிமொழி எடுங்கள். பெற்றோர் சான்று தொலைந்திருந்தால் ஊரில் உள்ள உறவினர் மூலம் பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம்.

இரண்டு வகையினர் மட்டும் வழக்கறிஞரைப் பார்க்காமல் இந்த இலங்கைப் பதிவுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். 1.7.1987-க்கு முன் இங்கே பிறந்தவர். 1964 சிறிமா–சாஸ்திரி (இந்திய–இலங்கை) ஒப்பந்தத்தில் இந்தியக் குடியுரிமை பெற்ற மலையக (இலங்கைத் தேயிலைத் தோட்ட) குடும்பத்தார். விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை ஏற்றால் இந்தியக் குடியுரிமை போய்விடும். 1984-ல் ராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பல் நின்றதும் இந்தியப் பாஸ்போர்ட்டோடு இலங்கையிலேயே மாட்டிக்கொண்டு, பின்னால் அகதியாக வந்து 'இலங்கையர்' என்று பதிவானவர்கள் உண்டு. தாத்தாவின் பழைய பாஸ்போர்ட்டைப் பெட்டியில் தேடுங்கள்.

கே: 2019 குடியுரிமைச் சட்டத் திருத்தத்தில் எங்களுக்கு இடம் உண்டா?

இல்லை. அது ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வங்கதேசத்திலிருந்து வந்தவர்களுக்கு மட்டும்.

கே: மத்திய உள்துறையின் 2025 உத்தரவு எங்களைச் சட்டபூர்வமாக்கிவிட்டதாமே?

9.1.2015 வரை தஞ்சம் புகுந்து பதிவு செய்தவருக்கு, பாஸ்போர்ட் இல்லாமல் வந்ததற்கான தண்டனையிலிருந்து விலக்கு, அவ்வளவுதான். குடியுரிமைச் சட்டத்தில் ஒரு வரியும் மாறவில்லை.

கே: இலங்கையைப் பார்த்ததே இல்லாத என் மகள் (2006) கல்லூரிப் படிவத்தில் 'இந்தியர்' என்று எழுதிவிட்டாள்.

உடனே எழுத்து மூலம் திருத்தச் சொல்லுங்கள். அவள் இந்த மண்ணின் பிள்ளைதான், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் படிவம் கேட்பது சட்டத்தின் பதிலை. 'இலங்கைத் தமிழர், மறுவாழ்வு முகாம்' என்று எழுதி முகாம் அட்டை நகலை இணையுங்கள். பின்னாளில் குடியுரிமை கேட்கும்போது இந்த ஒரு சொல்லே பொய்த் தகவலாக எதிரே வைக்கப்படும்.

கே: அசல் சான்றுகளை ஏஜென்ட் வாங்கி வைத்திருக்கிறார்.

இன்றே திரும்ப வாங்குங்கள். தராவிட்டால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது பெறுங்கள். அசலை யாரிடமும் விட்டு வராதீர்கள், நகல் போதும்.