கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் வந்த பூ: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: மஸ்கட்டில் வேலை செய்கிறேன். சொந்த ஊர் குழித்துறை. 2025 நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று அப்பாவின் கல்லறையில் வைப்பதற்காக, அக்டோபர் 28 அன்றே ஓர் ஆன்லைன் பூ நிறுவனத்தில் மலர் வளையம் ஆர்டர் செய்தேன். வெள்ளை லில்லியும் வெள்ளை ரோஜாவும் சேர்ந்தது. குறித்த நேரத்தில் கொண்டுவர 250 ரூபாய் தனியாக வாங்கினார்கள். மொத்தம் 3,450 ரூபாய். ‘2ஆம் தேதி காலை 10 மணிக்குள்’ என்று உறுதி வந்தது. 74 வயதான அம்மா மதியம் வரை வாசலிலேயே காத்திருந்தார். அப்புறம் மார்த்தாண்டத்தில் மிச்சம் கிடந்த செவ்வந்தியை வாங்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். பார்சல் 3ஆம் தேதி மாலைதான் வந்தது. லில்லி ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஓரம் கருகிய கார்னேஷன். அம்மா அதில் வாடாத நாலைந்தை எடுத்து மறுநாள் கல்லறையில் வைத்துவிட்டார். நிறுவனத்திடம் கேட்டால், பூ சீக்கிரம் கெடும் பொருள், பணம் திரும்பத் தர மாட்டோம், மழையால் தாமதம், வேறு பூ அனுப்ப எங்களுக்கு உரிமை உண்டு, வழக்கு போட்டால் டெல்லியில்தான் என்கிறார்கள். 500 ரூபாய் கூப்பன் தருகிறார்களாம். இன்னொரு மின்னஞ்சலில், பூவைத் திருப்பி அனுப்பினால் பரிசீலிக்கிறோம் என்கிறார்கள். பணம் பெரிதில்லை, தப்பு தங்களுடையது என்று அவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். அம்மாவை அலையவிடாமல் என்ன செய்யலாம்?

பதில்: அன்பு நண்பருக்கு,

அம்மா வாசலில் காத்திருந்ததைப் படித்தபோது மனது கனத்தது. உங்கள் பக்கம் சட்டம் வலுவாகவே இருக்கிறது. கூப்பனை ஏற்க வேண்டாம். ஏற்றுவிட்டால், பிரச்சினை முடிந்துவிட்டது என்று அதையே எடுத்துக் காட்டுவார்கள்.

நீங்கள் காசு கொடுத்து வாங்கியது வெறும் பூ அல்ல. நவம்பர் 2ஆம் தேதி காலை, குழித்துறையில், அந்த வீட்டு வாசலில் வந்து சேர வேண்டிய பூ. தேதி அந்த ஒப்பந்தத்தின் உயிர். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 55ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது: நேரமே முக்கியம் என்று இரு தரப்பும் கருதிய ஒப்பந்தத்தில் ஒருவர் நேரம் தவறினால், மற்றவர் அதை ரத்து செய்யலாம். நேரம் முக்கியம் என்பதற்கு உங்களிடம் இரண்டு சான்றுகள் இருக்கின்றன. ஒன்று, அந்த 250 ரூபாய். மற்றொன்று, ஆர்டருடன் அட்டையில் ஏதாவது எழுதச் சொல்லியிருந்தால் அந்த வாசகம். அதில் ‘அப்பாவின் கல்லறைக்கு’ என்பது போல ஏதாவது இருந்தால், பூ எதற்காகப் போகிறது என்பது அவர்களுக்கு முதலிலேயே தெரியும் என்றாகிறது. ஒப்பந்தம் செய்யும்போதே இரு தரப்புக்கும் தெரிந்திருந்த இழப்புக்கு 73ஆவது பிரிவின்படி ஈடு கேட்கலாம். அம்மா அன்று செவ்வந்தி வாங்கிய செலவையும் சேர்த்தே கேளுங்கள். பூக்காரரிடம் ரசீது இருக்காது. எவ்வளவு கொடுத்தார் என்பதை அம்மா உறுதிமொழிப் பத்திரத்தில் எழுதினால் போதும்.

‘பூ கெட்டுப்போகும் பொருள், அதனால் பணம் தர மாட்டோம்’ என்ற வாதம் என்னைக் கோபப்படுத்துகிறது. கெட்டுப்போகும் பொருள் என்பதால் அவர்களுக்குக் கூடுதல் பொறுப்புதான் வருகிறது. தோவாளையில் விடியலில் பறித்த பிச்சிப் பூ அன்றைக்கே கடல் தாண்டிப் போகும் கன்னியாகுமரி மாவட்டம் இது. தோவாளை மாணிக்க மாலை என்ற பூமாலைக்கு 2025இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அங்கிருந்து குழித்துறை சுமார் 40 கிலோமீட்டர்தான். நல்ல பூ கிடைக்கவில்லை என்று இந்த ஊர்ப் பக்கம் யாரும் சொல்லிவிட முடியாது.

2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின் 6ஆவது விதி, விற்பவருக்கு நேரடியாகவே தடை போடுகிறது. பொருள் குறையுடையதாக இருந்தாலோ, சொன்ன தேதிக்குப் பின் வந்தாலோ, விளம்பரத்தில் காட்டியதுபோல இல்லாவிட்டாலோ, திரும்பப் பெறவும் பணத்தைத் திருப்பித் தரவும் மறுக்கக் கூடாது. உங்கள் வழக்கில் மூன்றும் சேர்ந்து நிற்கின்றன. தாமதத்துக்கு மட்டும் ஒரு விலக்கு இருக்கிறது: மனித சக்திக்கு மீறிய காரணம். மழை என்ற சொல்லை அவர்கள் பிடித்துக்கொண்டது இதற்காகத்தான்.

அந்தப் பெட்டியை அம்மா தூக்கிப் போட்டுவிட்டாரா? போடவில்லை என்றால் உடனே பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். அதன்மேல் கூரியர் ஒட்டிய தாள் இருக்கும். எந்த ஊரிலிருந்து, எந்த நேரத்தில் கிளம்பியது என்று அதில் இருக்கும். தாள் கிழிந்திருந்தாலும் கவலையில்லை, பார்சல் எண்ணைப் போட்டால் கூரியரின் தளத்திலேயே பயண விவரம் தெரியும். உடனே படம் எடுத்து வையுங்கள், பிறகு அது அழிந்துவிடும். 2ஆம் தேதி காலை 10 மணிக்குப் பிறகுதான் பார்சல் கிளம்பியிருக்கிறது என்றால் மழைக் கதை அங்கேயே முடிந்தது. அதற்கு முன்பே கிளம்பியிருந்தாலும், எங்கே, எத்தனை மணி நேரம் வழி அடைபட்டது என்று நிரூபிக்க வேண்டியவர்கள் அவர்கள். 2017இல் ஒக்கி புயல் அடித்தபோது வந்த தடையையும் வடகிழக்குப் பருவமழையின் சாதாரண தூறலையும் நுகர்வோர் ஆணையம் ஒன்றாகப் பார்க்காது. இன்னொன்று, 2025 நவம்பர் 2 ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு கூரியர் ஓடாது என்றும் சொல்லலாம். அது அக்டோபர் 28 அன்றே அவர்களுக்குத் தெரிந்த விஷயம். தெரிந்தேதான் கூடுதல் காசு வாங்கிக்கொண்டு தேதி கொடுத்தார்கள்.

வேறு பூ அனுப்பும் உரிமை என்பதை முழுக்கத் தள்ளிவிட முடியாது. நியாயமாக இருந்தால் அந்த நிபந்தனை செல்லும். ஒரு பூ கிடைக்காதபோது அதே மதிப்புள்ள, புதிதாகப் பறித்த வேறு பூ வைக்கலாம். ஆனால் கருகிய பூவை அனுப்பும் உரிமையை எந்த நிபந்தனையும் தராது.

‘பூவைத் திருப்பி அனுப்புங்கள்’ என்றால் அனுப்பத் தேவையில்லை. 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 43ஆவது பிரிவின்படி, பொருளை மறுக்க உரிமையுள்ளவர் மறுத்ததைத் தெரிவித்தாலே போதும். திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை அல்ல. அம்மா ஓடிபி சொல்லி வாங்கினாரே என்பார்கள். பிரித்துப் பார்க்க வாய்ப்புக் கிடைக்கும்வரை ஏற்றுக்கொண்டதாகாது என்று 41ஆவது பிரிவு சொல்கிறது. நாலைந்து பூவைக் கல்லறையில் வைத்தது மட்டும் கொஞ்சம் இடிக்கும். அதை ஏற்றுக்கொண்டதாக அவர்கள் வாதிடலாம். அப்படியே வைத்துக்கொண்டாலும், பூவின் தரக்குறைவுக்கு இழப்பீடு கேட்கும் உரிமை போகாது. நுகர்வோர் சட்டத்தில் சேவைக் குறைபாடு குறைபாடுதான். அம்மாவிடம் இதைப் பற்றிக் குறையாக எதுவும் சொல்லிவிடாதீர்கள். புகாரிலும் மறைக்க வேண்டாம், நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

அடுத்து, எங்கே போவது. டெல்லி வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆவது பிரிவின்படி, வழக்குக்கான காரணம் ஒரு பகுதியாவது எழுந்த இடத்திலும், புகார்தாரர் வசிக்கும் இடத்திலும் வழக்குப் போடலாம். பூ வந்து சேர வேண்டிய இடம் குழித்துறை. அது நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தின் எல்லைக்குள் வருகிறது. சட்டம் தந்த இந்த உரிமையை இணையதளத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்ட ஒரு வரியால் பறிக்க முடியாது என்றே வாதிட வேண்டும். ஒரு எச்சரிக்கை: அந்த நிபந்தனைகளை ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று அறிவிக்கும்படி மாவட்ட ஆணையத்தில் கேட்காதீர்கள். அந்த அதிகாரம் மாநில ஆணையத்துக்குத்தான். குறையுள்ள பொருள், சேவைக் குறைபாடு, நியாயமற்ற வணிக நடைமுறை ஆகிய மூன்றோடு நில்லுங்கள்.

யார் வழக்குப் போடுவது என்பதில் என் யோசனை, அம்மாவே போடட்டும். பணம் கொடுத்தவர் நீங்கள். ஆனால் வாங்கியவரின் சம்மதத்தோடு அந்தப் பொருளைப் பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவு சொல்கிறது. நீங்கள் மட்டும் மஸ்கட்டிலிருந்து நடத்துவதானால், இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி), அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை என்று அலைச்சல். அம்மாவும் நீங்களும் சேர்ந்தே புகார்தாரர்களாக இருந்தாலும் நல்லது. புகாரை, நுகர்வோர் ஆணையங்களுக்கான அரசுத் தளமான இ-ஜாக்ரிதியில் இணையம் வழியாகவே தாக்கல் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. விசாரணையைக் காணொலி வழியாக நடத்தும்படி விண்ணப்பம் கொடுக்கவும் அதே சட்டத்தின் 38ஆவது பிரிவில் வழி இருக்கிறது. வயதைக் காட்டிக் கேளுங்கள்.

பில்லை எடுத்துப் பாருங்கள். யார் பெயரில், யாருடைய ஜிஎஸ்டி எண்ணில் இருக்கிறது? நிறுவனத்தின் பெயரிலேயே இருந்தால், ‘நாங்கள் வெறும் இடைத்தரகர்’ என்று தப்ப முடியாது. வேறு கடையின் பெயர் இருந்தால் இரண்டு பேரையும் எதிர்தரப்பினர் ஆக்குங்கள். சிறிய கடைக்காரர் ஒருவரை மட்டும் மாட்டிவிட்டு நிறுவனம் ஒதுங்கும் நிலை வரக்கூடாது.

எவ்வளவு கேட்கலாம்? 3,450 ரூபாய், செவ்வந்தி வாங்கிய செலவு, மன உளைச்சலுக்கு ஒரு தொகை, வழக்குச் செலவு. மன உளைச்சலுக்கு 25,000 ரூபாய் அளவில் நில்லுங்கள். 10 லட்சம் கேட்டால் ஆணையத்தின் பார்வையில் உங்கள் வலியே சிறுத்துப்போகும்.

முதல் வேலையாக நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அவர் பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. 48 மணி நேரத்துக்குள் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கூடவே தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் தளத்திலும் பதிவு செய்யுங்கள். ஊரில் யாராவது 1915 என்ற எண்ணில் கூப்பிட்டும் பதியலாம். கார்டில் பணம் கட்டியிருந்தால் வங்கியில் சார்ஜ்பேக் கேளுங்கள், அதாவது கட்டிய பணத்தை நிறுவனத்திடமிருந்து வங்கி வழியாகவே திரும்பப் பெறுவது. அதற்குக் காலக்கெடு குறுகியது, இதை நாளைக்கே செய்யுங்கள்.

படங்கள் அம்மாவின் போனில் இருக்கும் அல்லவா? வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் தரமும் எடுத்த நேர விவரமும் போய்விடும். மூலப் படத்தை அழிக்காமல் அந்தப் போனிலேயே வைத்திருக்கட்டும். புதிய சாட்சியச் சட்டமான 2023ஆம் ஆண்டு பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆவது பிரிவின் கீழ், மின்னணுப் பதிவுக்கான ஒரு சான்றிதழையும் புகாரோடு இணைத்துவிட்டால், அந்தப் பக்கம் ஒரு தொல்லை குறையும்.

நீங்கள் கேட்டது, அவர்கள் தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும் என்பது. தீர்ப்பில் பணம் கிடைக்கும், மன்னிப்பு பெரும்பாலும் கிடைக்காது. அதற்கு நல்ல இடம் சமரசம். ஆணையம் இரு தரப்பின் சம்மதத்தோடு வழக்கை சமரசத்துக்கு அனுப்பலாம். அங்கே, பணத்தைத் திருப்பித் தருவதோடு அம்மாவின் பெயருக்கு, தமிழில், கையெழுத்திட்ட ஒரு வருத்தக் கடிதமும் வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். பல நிறுவனங்கள் வழக்கு முடிந்தால் போதும் என்று எழுதிக் கொடுத்துவிடும். குறைதீர் அலுவலருக்கு அனுப்பும் முதல் மின்னஞ்சலிலேயே இந்தக் கடிதத்தைக் கேட்டு வைத்துவிடுங்கள்.

வழக்குப் போட இரண்டு ஆண்டு அவகாசம், அதாவது 2027 நவம்பர் வரை. அவ்வளவு காத்திருக்க வேண்டாம். மின்னஞ்சல் அனுப்பி ஒரு மாதம் ஆகியும் பதில் வராவிட்டால், பதிவு வசதியும் டெலிவரிச் சான்றும் சேர்த்து ஸ்பீட் போஸ்டில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள், 15 நாள் அவகாசம் கொடுங்கள். அதற்குள் அம்மாவின் உறுதிமொழிப் பத்திரத்தை மார்த்தாண்டத்திலோ குழித்துறையிலோ ஒரு நோட்டரியிடம் தயார் செய்து வைத்திருந்தால், பதினாறாவது நாள் புகாரைத் தாக்கல் செய்துவிடலாம்.