எம்.எஸ். கேள்வி பதில்: முறுக்குச் சட்டியும் தண்ணீர்மலைப் படியும்

பினாங்கில் 26 ஆண்டுகள் தாதியாக இருந்தேன், பெரும்பகுதி நரம்பியல் வார்டில். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., என்ற நரம்பு நோய் உள்ளவரை வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேளுங்கள். எம்ஆர்ஐ படங்களை அனுப்பாதீர்கள், அதைப் படிப்பது என் வேலை இல்லை.

ஜெலுத்தோங்கிலிருந்து: அக்கா, மனைவிக்கு 31 வயது. காலையில் நன்றாக இருக்கிறாள், மதியம் ஆனால் படுத்துவிடுகிறாள். தீபாவளிக்கு முறுக்குச் சுடும்போது ஒரு கண் மங்குகிறது என்றாள். அம்மா நடிப்பு என்கிறார்.

நடிப்பு இல்லை, தம்பி. இந்த நோயில் உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே மூளை, முதுகுத்தண்டு, கண் நரம்பு இவற்றில் நரம்பைச் சுற்றியிருக்கும் மயலின் உறையை அரித்துவிடுகிறது. உறை போன நரம்புக்கு வெக்கை ஆகாது. உடம்புச் சூடு கொஞ்சம் ஏறினாலே செய்தி போய்ச் சேராமல் தடுமாறும். உடலை வருத்தி வேலை செய்தபின் இப்படிப் பார்வை மங்குவதை 1890-இல் ஊத்தோஃப் என்ற ஜெர்மானிய மருத்துவர் எழுதிவைத்தார். உங்கள் வீட்டு அடுப்படியில் நடந்ததும் அதுதான். காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து கழுத்தில் ஈரத்துண்டு போட்டதும் கண் தெளிந்திருக்குமே? தெளிந்தால் அது புதுச் சேதம் அல்ல. காய்ச்சலோ கிருமித்தொற்றோ இல்லாமல் புதிதாக ஒரு கோளாறு வந்து 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அது நோயின் புதிய தாக்குதலாக இருக்கலாம். அப்போது வீட்டில் காத்திருக்காதீர்கள்.

களைப்பு வேறு கதை. வார்டில் ஒரு பெண் சடை பின்னத் தொடங்குவார். பாதியில் இரண்டு கையும் மடியில் விழுந்துவிடும். மீதிப் பாதியைச் சாயங்காலம் பின்னுவார். தூங்கி எழுந்தாலும் தீராத களைப்பு அது. உங்கள் அம்மாவிடம் வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள். அடுத்த முறை காலை ஆறு மணிக்கே மாவைப் பிசைந்து, சட்டி முன்னால் நீங்கள் நில்லுங்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து: ஒரே தட்டில் சாப்பிட்டால் தொற்றுமா?

தொற்றாது.

பிறையிலிருந்து: எனக்கு எம்.எஸ். இருக்கிறது. பிள்ளைக்கும் வருமா?

தாய்க்கோ தந்தைக்கோ இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு மூன்று. மீதிப் பேருக்கு வருவதில்லை. கருவுற நினைத்தால் மருந்தைப் பற்றி முன்கூட்டியே மருத்துவரிடம் பேசுங்கள். பிரசவத்துக்குப் பிந்திய மூன்று மாதங்களில் தாக்குதல் வரும் வாய்ப்பு கூடும், அப்போது வீட்டில் ஆள் துணை வேண்டும்.

பாயான் லெப்பாஸிலிருந்து: நண்பருக்கு எம்.எஸ்.ஸுக்கு இன்டர்ஃபெரான் என்ற மருந்து கொடுக்கிறார்கள். நானும் கேட்கலாமா?

என்னிடம் கேட்காதீர்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். என்எம்ஓ என்று எம்.எஸ். போலவே தோன்றும் இன்னொரு நோய் உண்டு, ஆசியர்களிடம் அதைக் கூடுதலாகக் காண்கிறோம். அதைக் காட்டிக்கொடுக்கும் எதிர்ப்பொருளை 2004-இல்தான் கண்டுபிடித்தார்கள். இன்டர்ஃபெரான் அந்த நோயை மோசமாக்கும். நண்பர் மருந்து நண்பருக்கு.

ஆயர் ஈத்தாமிலிருந்து: நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் பொடி ஒன்றை மாமா வாங்கி வந்திருக்கிறார்.

மேலே எழுதியதைப் படித்தீர்களா? எதிர்ப்பு சக்திதான் இங்கே குற்றவாளி. அதற்கு ஊட்டம் வேண்டாம்.

சுங்கை ஆராவிலிருந்து: மகனுக்காகத் தைப்பூசத்தில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் நேர்ந்திருக்கிறேன். அவனும் படியேறலாமா?

அம்மா, 500-க்கும் மேற்பட்ட படிகள், மேலே வெயில், சுற்றிலும் கூட்டம். கால் பாதியில் மக்கர் செய்தால் இறக்கிக்கொண்டு வர முடியாது. நேர்ந்தது நீங்கள், நீங்கள் ஏறுங்கள். அவன் விடியுமுன் வந்து அடிவாரத்தில் கும்பிட்டுவிட்டு நிழலான பந்தலில் இருக்கட்டும்.

நிபோங் திபாலிலிருந்து: பக்தியைக் குறைத்துப் பேசுகிறீர்கள். என் சித்தப்பாவுக்கு இதே நோய். காவடி எடுத்த இரண்டே மாதத்தில் கை கால் சரியானது.

நானும் முருகனைக் கும்பிடுகிறவள்தான், ஐயா. பத்தில் எட்டு பேருக்கு மேல் இந்த நோய் தாக்கித் தாக்கித் தணியும் வகையாகவே தொடங்குகிறது. தாக்குதல் சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடும். அந்தச் சமயத்தில் யார் பக்கத்தில் நிற்கிறாரோ பேர் அவருக்கு. பொடிக்காரர், தேன்காரர், காந்தப் படுக்கை விற்பவர் எல்லாரும் இப்படித்தான் பிழைக்கிறார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. காவடி எடுங்கள், மருந்தை நிறுத்தாதீர்கள்.

மீண்டும் நிபோங் திபால்: சித்தப்பா மருந்தே எடுக்கவில்லை.

இப்போது எப்படி இருக்கிறார்?

தடி ஊன்றி நடக்கிறார். அது வயதுக் கோளாறு.

என்ன வயது?

44.

ஐயா, அவரை இந்த மாதமே நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

கெலுகோரிலிருந்து: படியேறாமல் நேர்த்திக்கடன் கழியுமா?

குருக்களிடம் கேளுங்கள்.

இன்னும் மூவர்: முற்றிலும் குணமாகுமா?

ஒரே பதில்தான், மூவருக்கும்: வேரோடு குணமாக்கும் மருந்து இன்று இல்லை. தாக்குதலைக் குறைக்கும் மருந்துகள் 1993 முதல் இருக்கின்றன, சீக்கிரம் தொடங்கினால் நல்லது. நான்காவது முறை கேட்டால் பதில் வராது.

தஞ்சோங் தொகோங்கிலிருந்து: மனைவி வெளியே கிளம்பும் நாளில் தண்ணீரே குடிப்பதில்லை. ஏன் என்றால் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

இதைத்தான் யாரும் கேட்கவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவசரமாகச் சிறுநீர் வரும், கழிவறை போய்ச் சேரும்வரை அடக்க முடியாது. கொம்தார் வணிக வளாகத்தில் நடுவழியில் உடை நனைந்த ஒரு பெண் ஒரு வருடம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் கெட்டியாகிச் சிறுநீர்ப்பையை இன்னும் எரிச்சலூட்டும், தொற்று வரும், காய்ச்சலோடு பழைய கோளாறுகள் எல்லாம் தலைதூக்கும். மருந்து உண்டு, மருத்துவரிடம் அவள் வாய் திறக்க வேண்டும். போகுமிடத்தில் கழிவறை எங்கே என்று முதலில் நீங்கள் பார்த்துவையுங்கள். காரில் ஒரு பையில் மாற்றுடை, துண்டு. பையை நீங்களே எடுத்துவையுங்கள், அவளிடம் அதைப் பற்றிப் பேச வேண்டாம்.