வயிற்றில் ஆபரேஷன், தோல் டாக்டர் எதற்கு?

அறுவை சிகிச்சை வார்டுக்கு என்னை அழைக்கும்போதெல்லாம் நோயாளியின் வீட்டார் முகத்தில் தெரியும் கேள்வி இதுதான். இந்த முறை வந்த கடிதங்களிலும் அதுவே பல உருவங்களில் இருக்கிறது.

கேள்வி: குடல்வால் வெடித்து அப்பாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. எட்டாம் நாள் உடம்பெங்கும் சிவப்புத் தடிப்பு. முந்தைய நாள்தான் புதிதாக ஒரு வலி மாத்திரை கொடுத்தார்கள். அதுதான் காரணமா?

கடைசியாக வந்த மருந்தின் மேல் பழி போடுவது எல்லாருக்கும் வழக்கம். ஆனால் மருந்தால் வரும் சாதாரணத் தடிப்பு, அந்த மருந்தைத் தொடங்கி 4 முதல் 14 நாட்களுக்குள்தான் பெரும்பாலும் தலைகாட்டும். எனவே என் சந்தேகம் முதல் நாள் ஊசியில் ஏற்றிய ஆன்டிபயாடிக் மேல். அதை நிறுத்தி இரண்டு நாள் ஆகியிருந்தாலும் சந்தேகம் போகாது. வார்டில் நான் முதலில் கேட்டு வாங்குவது கேஸ் ஷீட்டைத்தான். நோயாளியின் முதுகு அப்புறம். தடிப்பு தோன்றிய தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் பாதி விடை கிடைத்துவிடும்.

இரண்டு விதிவிலக்குகள் உண்டு. முன்பே ஒருமுறை ஒவ்வாமல் போன மருந்து என்றால் ஓரிரு நாளிலேயே தடிப்பு வரலாம். காணாக்கடி போல இங்கே மறைந்து அங்கே எழும்பும் தடிப்பு, மாத்திரை விழுங்கிய சில மணி நேரத்திலேயே வரும். அப்படியானால் உங்கள் வலி மாத்திரையையும் விசாரிக்க வேண்டும்.

வாயிலோ கண்ணிலோ புண், கொப்புளம், முகவீக்கம், காய்ச்சல், தொட்டாலே தோல் வலி: இவற்றில் ஒன்று இருந்தாலும் காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காமல் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: அம்மாவின் வயிற்றுத் தையல் புண்ணாகிவிட்டது. இரண்டு முறை வெட்டிச் சுத்தம் செய்தும் பெரிதாகிறது. சீழில் கிருமியே இல்லையாம். தோல் மருத்துவர் ஸ்டீராய்டு கொடுக்கச் சொல்கிறார். ஆறாத புண்ணுக்கு ஸ்டீராய்டா?

உங்கள் அதிர்ச்சி நியாயமானது. பல அறுவை சிகிச்சை நிபுணர்களும் முதலில் இப்படித்தான் புருவம் உயர்த்துவார்கள். அவர் மனத்தில் இருக்கும் நோய் பையோடெர்மா கேங்கிரினோசம் என்று நினைக்கிறேன். 1930இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் இதை விவரித்தபோது, கிருமிதான் காரணம் என்று எண்ணி வைத்த பெயர் அது. காரணம் கிருமி அல்ல என்று பின்னால் தெரிந்தது; பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இதில் நோய் எதிர்ப்பு அணுக்களே காயத்தின் மேல் தேவையில்லாமல் படையெடுக்கின்றன. கத்தி பட்ட இடமெல்லாம் அவற்றுக்கு அழைப்பு. அதனால் வெட்ட வெட்டப் புண் வளரும்; அந்த அணுக்களை அடக்கத்தான் ஸ்டீராய்டு. அருகில் போய்ப் பார்த்தால் ஓரம் கருஊதாவாக, உள்பக்கம் குடைந்து, மேல்தோல் ஒரு விளிம்பு போலத் தொங்கும். டிரெஸ்ஸிங்கை எடுப்பதற்குள் நோயாளி துடித்துவிடுவார். புண்ணின் அளவுக்குச் சற்றும் பொருந்தாத வலி. காய்ச்சலும் வெள்ளணு ஏற்றமும் சேர்ந்து வருவதால், இன்பெக்‌ஷன் என்றே யாருக்கும் தோன்றும்.

இதை உறுதிசெய்ய ஒற்றைப் பரிசோதனை கிடையாது என்பதுதான் தலைவலி. தசையை அரிக்கும் கடுமையான கிருமித்தொற்றும் தொடக்கத்தில் இதே போலத் தெரியலாம்; அதற்கு உடனே வெட்டியாக வேண்டும், இதற்கு வெட்டவே கூடாது. ஆகவே ஓரத்திலிருந்து பயாப்சி (சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பது), மறுபடியும் கல்ச்சர் (கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது), பிறகுதான் ஸ்டீராய்டு. இரண்டு மருத்துவர்களும் ஒரே நேரத்தில் கட்டிலருகே நின்று பேசிக்கொள்ளும்படி கேளுங்கள். கேஸ் ஷீட்டில் மாறி மாறிக் குறிப்பு எழுதித் தீரும் விஷயமல்ல இது. அம்மாவுக்குக் குடல் அழற்சியோ முடக்குவாதமோ இருந்தால் சொல்லிவிடுங்கள். இனி எந்த அறுவை சிகிச்சைக்கு முன்பும் இந்தப் பெயரைச் சொல்ல வேண்டும்.

கேள்வி: கட்டைப் பிரித்ததும் தையலைச் சுற்றி அரிப்பு, சிவப்பு. சீழ் வைத்துவிட்டதா?

சிவப்பின் வடிவத்தைப் பாருங்கள். தோல் நோய்க்கு ஸ்கேல் வைத்துக் கோடு போடத் தெரியாது. பிளாஸ்டர் ஒட்டிய அளவுக்கு நீள்சதுரமாக இருந்தால், அரிப்பும் இருந்தால், பசை ஒவ்வாமையாகத்தான் இருக்கும். காகித பிளாஸ்டருக்கு மாறச் சொல்லுங்கள். சூடு, வலி, வடிவமில்லாமல் பரவும் சிவப்பு என்றால் அறுவை சிகிச்சை மருத்துவர் பார்க்கட்டும்.

கேள்வி: பைபாஸுக்காகக் காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்தார்கள். நெஞ்சுக் காயம் ஆறிவிட்டது. கால் மட்டும் குளிர்காய்ச்சலோடு மூன்று முறை சிவந்து வீங்கிவிட்டது.

விரல் இடுக்கைப் பிரித்துப் பார்த்தீர்களா? வெள்ளையாக ஊறி, வெடித்து, லேசான நாற்றத்தோடு சேற்றுப்புண் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். குழாய் எடுத்த காலில், திசுக்களில் தேங்கும் நீரை வெளியேற்றும் நிணநீர் வடிகால் தளர்ந்துபோகிறது. அந்த வெடிப்பு வழியாக நுழையும் கிருமியைக் காலால் விரட்ட முடிவதில்லை. ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாடிக் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறீர்கள், வாசற்கதவு திறந்தே கிடக்கிறது. சேற்றுப்புண்ணுக்குப் பூஞ்சைக் களிம்பு, குளித்ததும் இடுக்குகளை ஈரம் போகத் துடைப்பது, வீக்கத்துக்குக் காலை உயர்த்தி வைப்பது. களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருக்கக் கூடாது. நம் மருந்துக் கடைகளில் கேட்டவுடன் எடுத்துத் தருவது பெரும்பாலும் அந்தக் கலவைதான்.

கேள்வி: படுத்தே இருக்கும் தாத்தாவின் முதுகில் பொடிப்பொடியாகச் சிவப்பு. படுக்கைப் புண்ணா?

பொடியாக, அரிப்போடு முதுகு முழுக்க இருந்தால் வேர்க்குரு. ரப்பர் ஷீட்டின் மேல் பருத்தித் துணி விரித்தாலே அடங்கும். வால் எலும்பு, குதிகால் மேல் மட்டும் சிவந்து, விரலால் அழுத்தினாலும் வெளுக்காவிட்டால் அது படுக்கைப் புண்ணின் தொடக்கம். புரட்டிப் படுக்க வையுங்கள், தேய்த்துவிடாதீர்கள்.

கேள்வி: கர்ப்பப்பை எடுத்து மூன்று மாதம் ஆகிறது. முடி கொத்துக் கொத்தாகப் போகிறது. மயக்க மருந்தின் வேலையா?

மயக்க மருந்தைத் தனியாகக் குற்றம் சொல்ல வேண்டாம். ரத்த இழப்பு, காய்ச்சல், அறுவை சிகிச்சை என்று உடம்பு பட்ட பாட்டில் நிறைய முடிகள் ஒன்றாக ஓய்வுக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்து ஒன்றாக உதிர்கின்றன. இரும்புச்சத்தையும் தைராய்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். விலையுயர்ந்த எண்ணெய் வேண்டாம். சில மாதங்களில் முன்நெற்றியில் குட்டி முடிகள் படியாமல் குத்திட்டு நிற்கும்; அவற்றை வெட்டிவிடாதீர்கள், அவைதான் புதுவரவு.