மெஷினில் தண்ணீர் நிற்கிறதா? பம்ப் மாற்றுமுன் காது கொடுங்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் இருப்பது ஃப்ரண்ட் லோட் வாஷிங் மெஷின். வாங்கி ஆறு வருடம் ஆகிறது. ஒரு வாரமாகத் துவைத்த தண்ணீர் வெளியே போகாமல் டிரம்மிலேயே நிற்கிறது. கதவும் திறக்க மாட்டேன் என்கிறது. டிஸ்ப்ளேயில் ஏதோ எழுத்து மின்னுகிறது. மெக்கானிக்கிடம் ஃபோனில் சொன்னால், “பம்ப் போயிருக்கும், மாத்திடலாம்” என்கிறார். மாற்றிவிடலாமா? (வாசகி, திருவண்ணாமலை)

பதில்: பொறுங்கள். மெஷினைப் பார்க்காமல் ஃபோனிலேயே பம்பைக் குறை சொல்வது எங்கள் தொழிலில் ரொம்ப காலமாக இருக்கும் பழக்கம். பம்ப் பழுதாவது உண்டுதான். ஆனால் இந்தப் புகாரோடு வரும் மெஷின்களில் பெரும்பாலும் மோட்டார் நன்றாகவே இருக்கும். தண்ணீர் போகிற வழியில்தான் எதுவோ மாட்டிக்கொண்டிருக்கும்.

டிஸ்ப்ளேயில் மின்னும் எழுத்தை வைத்தும் முடிவுக்கு வர முடியாது. எல்ஜியில் ஓஇ, சாம்சங்கில் 5சி அல்லது 5இ, பாஷில் இ18 என்று கம்பெனிக்கு ஒரு குறியீடு. எல்லாவற்றுக்கும் அர்த்தம் ஒன்றுதான்: குறிப்பிட்ட நேரத்துக்குள் தண்ணீர் வெளியேறவில்லை. ஏன் வெளியேறவில்லை என்பது மெஷினுக்கே தெரியாது.

அதைக் காதால் கண்டுபிடிக்கலாம். ஸ்பின் அல்லது ட்ரெயின் (தண்ணீரை வெளியேற்றுவது) மட்டும் தேர்ந்தெடுத்து ஓடவிட்டு, மெஷினின் கீழ்ப்பகுதியில் காது வையுங்கள். சத்தமே இல்லையென்றால் பம்புக்குக் கரண்ட் போகவில்லை, அல்லது அதன் காயில் (மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருள்) போய்விட்டது. ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டே நின்றால் உள்ளே தண்ணீரைத் தள்ளும் விசிறி சிக்கியிருக்கிறது. வழக்கம்போல ஓடியும் தண்ணீர் மட்டும் நகரவில்லையென்றால் ஃபில்டரிலோ ஹோஸிலோ சுவர்க் குழாயிலோ அடைப்பு.

இந்த மூன்றாவது வகையில் சுவர்க் குழாயைத்தான் முதலில் சந்தேகப்படுவேன், ஏனென்றால் அதை யாரும் பார்ப்பதே இல்லை. மெஷினை அணைத்துவிட்டு, ஹோஸின் நுனியைச் சுவரிலிருந்து உருவி, ஸ்டூல்மேல் வைத்த வாளிக்குள் விடுங்கள். ஒருவர் ஹோஸைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் ட்ரெயின் போடட்டும். வாளி மளமளவென்று நிறைந்தால் மெஷினில் கோளாறே இல்லை. துணிப்பஞ்சும் சோப்புக் கசடும் சேர்ந்து வீட்டுக் குழாயையோ தரையில் தண்ணீர் இறங்கும் ட்ராப்பையோ அடைத்திருக்கின்றன. உங்களுக்கு வேண்டியது பிளம்பர்.

வாளிக்கும் தண்ணீர் வரவில்லையென்றாலோ, முதலிலேயே முனகல் மட்டும் கேட்டிருந்தாலோ ஃபில்டருக்குப் போங்கள். முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. வெந்நீரில் துவைத்திருந்தால் ஆறும்வரை காத்திருங்கள். மெஷினின் முன்பக்கம் கீழே, பெரும்பாலும் வலது மூலையில், ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் திறந்தால் ஒரு திருகும் (அதுதான் ஃபில்டர்), பல மாடல்களில் அதன் பக்கத்திலேயே மூடி போட்ட மெல்லிய ரப்பர் குழாயும் தெரியும். அவசரப்பட்டுத் திருகைக் கழற்றினால் டிரம்மில் இருக்கிற பத்து லிட்டரும் ஹாலுக்கு வந்துவிடும். ஓரம் உயர்ந்த ஒரு தட்டை வைத்து, ரப்பர் குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். தட்டு நிறைந்ததும் குழாயை மூடி, கொட்டிவிட்டு, திரும்பவும் விடுங்கள். பொறுமை வேண்டிய வேலை. ரப்பர் குழாய் இல்லாத மாடல் என்றால் திருகையே கால் சுற்று மட்டும் தளர்த்தி இதே மாதிரி வடிக்கலாம். தண்ணீர் வடிந்தபின் பலவற்றில் கதவின் பூட்டும் விடுபடும். சில மாடல்களில் திரும்பக் கரண்ட் கொடுத்தபிறகுதான் ‘க்ளிக்’ கேட்கும். அதற்குமுன் கைப்பிடியை இழுக்காதீர்கள், உடைந்தால் அது தனிச் செலவு.

ஃபில்டரை இடப்பக்கமாகத் திருகி உருவுங்கள். சாம்பல் நிறத்தில் பஞ்சுக் கட்டியாக வரும். அதற்குள் ஹேர்பின், ஊக்கு, சட்டைப் பித்தான், ஒரு ரூபாய்க் காசு, கூழாகிப் போன பஸ் டிக்கெட், சில சமயம் குழந்தையின் ஒற்றை சாக்ஸ். அதைச் சுத்தம் செய்துவிட்டு அப்படியே திருகி மூடிவிடாதீர்கள், பாதிப் பேர் தவறுவது இங்கேதான். அந்தக் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே சின்ன விசிறி ஒன்று தெரியும். ஐஸ்க்ரீம் குச்சியால் அதைச் சுற்றிப் பாருங்கள். ‘டக், டக்’ என்று விட்டுவிட்டுத்தான் சுற்றும். உள்ளே காந்தம் இருப்பதால் அப்படி, அது பழுதல்ல. இதையே காட்டி “பாருங்க, ஜாம் ஆயிருக்கு” என்று பம்ப் மாற்றியவர்களும் உண்டு. அசையவே இல்லையென்றால் முடியோ நூலோ சுற்றியிருக்கும், இடுக்கியால் இழுத்தெடுங்கள். எந்தப் பிடிமானமும் இல்லாமல் சளசளவென்று சுழன்றால் விசிறி அச்சிலிருந்து விட்டுவிட்டது. அப்போது பம்ப் மாற்றத்தான் வேண்டும்.

ஃபில்டரைத் திரும்ப மாட்டும்போது ரப்பர் வளையத்தைத் துடைத்து இறுக்கித் திருகுங்கள். சோப்பு போடும் தட்டு வழியாக ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, ட்ரெயின் ஓடவிட்டு, ஒழுகுகிறதா என்று பாருங்கள்.

ஹோஸையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். மெஷினைச் சுவரோடு தள்ளியதில் மடிந்திருக்கலாம். எலி கடித்திருந்தால் தண்ணீர் மெஷினுக்கு அடியிலேயே கசியும். பெரும்பாலான ஃப்ரண்ட் லோட் மாடல்களில் ஹோஸின் நுனி தரையிலிருந்து 60 முதல் 90 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். கீழே தொங்கினால் துவைக்கும்போதே தண்ணீர் ஓடிவிடும், மிக உயரமாகவோ நீளமாகவோ இழுத்திருந்தால் பம்ப் திணறும். அடைப்பை எடுக்க ஆசிட் மட்டும் ஊற்றாதீர்கள், ரப்பர் பாகங்கள் கெட்டுவிடும்.

கையால் துவைக்கும் பவுடரை இதில் போடுகிறீர்களா? அதன் நுரை பம்புக்குள் போனால் தள்ள முடியாமல் வெறுமனே சுற்றும். அரை மணி நேரம் விட்டு நுரை அடங்கியதும் திரும்ப ட்ரெயின் போட்டால் போய்விடும்.

டாப் லோட் வைத்திருப்பவர்கள் இதையெல்லாம் தேட வேண்டாம். அவற்றில் பலவற்றுக்குப் பம்பே கிடையாது. வால்வு திறந்ததும் தண்ணீர் தானாக வடியும். ஹோஸ் தரையோடு கிடக்காமல் எங்காவது தூக்கிக் கட்டியிருந்தால் அதுவே காரணம். இல்லையென்றால் வால்வில் ஏதோ சிக்கியிருக்கும், அல்லது வால்வை இழுக்கும் ட்ரெயின் மோட்டார் போயிருக்கும். இரண்டும் மெக்கானிக் வேலை.

உங்கள் மெஷினில் சத்தமே வரவில்லையென்றாலும் மெக்கானிக்கைத்தான் கூப்பிட வேண்டும். அப்போதும் பம்புக்குப் போகும் வயரை எலி கடித்திருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். வயர் நன்றாக இருந்தால், பம்பின் இரண்டு முனையிலும் மல்டிமீட்டர் (மின்தடையை அளக்கும் கருவி) வைத்து உங்கள் கண்முன்னே காட்டச் சொல்லுங்கள். நூற்றுச் சொச்சம் ஓம் காட்டினால் காயில் உயிரோடு இருக்கிறது, கோளாறை வேறு இடத்தில் தேட வேண்டும். மீட்டர் ஒன்றுமே காட்டவில்லையென்றால் தாராளமாக மாற்றுங்கள். கழற்றிய பழைய பம்பைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.