கழிவுத் தண்ணீரில் சிமெண்ட் கலந்து கட்டியாக்கிவிட்டால் விஷ உலோகம் வெளியே வராதா? மரத்தூள் போட்டு உறிஞ்ச வைத்தால் போதாதா?

வரும். நானே வரவழைத்திருக்கிறேன்.

பிளேட்டிங் (உலோக முலாம் பூசும்) பட்டறைகளின் கழிவு வந்து சேரும் ஓர் இடத்தில் லேபில் சேர்ந்த புதிது. குரோம் தொட்டி கழுவிய ஆரஞ்சுத் தண்ணீர் கொஞ்சம் எடுத்து, சிமெண்டும் அனல்மின் நிலையச் சாம்பலும் போட்டுப் பிசைந்து, டம்ளரில் ஊற்றி வைத்தேன். ஒரே வாரத்தில் கல். பெருமையாகக் கொண்டுபோய் சீனியரிடம் காட்டினால், மனிதர் ஒன்றும் சொல்லாமல் சுத்தியலை எடுத்து நொறுக்கிவிட்டார்.

கழிவிலிருந்து விஷ உலோகம் கசிகிறதா என்று பார்க்கும் சோதனையே அப்படித்தான். ஒரு சென்டிமீட்டருக்கும் சின்னத் துண்டுகளாக உடைத்து, எடையைப் போல 20 மடங்கு நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் (வினிகரில் இருக்கும் அதே அமிலம்தான்) போட்டு 18 மணி நேரம் தலைகீழாகச் சுற்றவிட வேண்டும், ஏனென்றால் குப்பைமேட்டில் அந்தக் கல் எத்தனை நாள் முழுசாக இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. பிறகு வடித்தெடுத்த அந்த வடிநீரில் குரோமியமோ ஈயமோ லிட்டருக்கு 5 மில்லிகிராம், காட்மியம் 1, பாதரசம் 0.2, இவற்றைத் தொட்டால் அபாயக் கழிவு.

என்னுடையது எலுமிச்சை மஞ்சளாக வந்தது. அளக்கவே தேவையில்லை. ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் ஆலையின் கழிவுமேட்டிலிருந்து மழைக்கு மஞ்சளாக ஓடுகிறதே, அதே மஞ்சள்.

காரணம், குரோம் தொட்டித் தண்ணீரில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம், அதாவது தண்ணீரில் எளிதில் கரையும் விஷ வடிவம். சிமெண்டின் காரத்தில் அது திடமாகப் படியாது. கல்லுக்குள் இருக்கும் நுண்துளை ஈரத்தில் கரைந்தபடியே உட்கார்ந்திருக்கும், வழி கிடைத்ததும் கிளம்பிவிடும். முதலில் அமிலம் விட்டு பிஎச்சை 2, 3க்கு இறக்கி சோடியம் மெட்டாபைசல்பைட் போட வேண்டும். ஆரஞ்சு கண்ணெதிரே பச்சையாகும், அதாவது மூன்று இணைதிறனுக்கு வந்துவிட்டது. அப்புறம் சுண்ணாம்புப்பால் விட்டு 8, 9க்கு ஏற்றினால் ஹைட்ராக்சைடாகப் படியும். அதைப் பிழிந்தெடுத்த சகதிக்குத்தான் சிமெண்ட்.

சுண்ணாம்பு கூடினால் நல்லது என்றும் நினைக்க வேண்டாம். ஈயமும் துத்தநாகமும் காரம் அதிகமானால் திரும்பக் கரையும். போதாக்குறைக்கு இரண்டும் சிமெண்டை இறுகவும் விடாது, ஒரு தடவை துத்தநாகச் சகதி நான்கு நாள் கழித்தும் சப்பாத்தி மாவு மாதிரியே இருந்தது. எண்ணெய் கலந்திருந்தால் இன்னும் மோசம்.

சரி, மரத்தூள். அது உலோகத்தை நம்பும்படி பிடித்து வைக்காது, முக்கியமாகத் தண்ணீரைக் குடிக்கும், அவ்வளவுதான். மேலே பத்தடி குப்பை ஏறினால் குடித்ததைக் கக்கிவிடும், மட்கவும் செய்யும். கண்ணுக்குத் திரவமாகத் தெரியாமல் லாரியில் ஏற்றுவதற்கு மட்டும் உதவும் வேலை அது.

அதே ஆரஞ்சுத் தண்ணீரை முறைப்படி செய்து மறுபடி டம்ளரில் ஊற்றினேன். இந்த முறை சுத்தியலை நானே எடுத்தேன். வடிநீரில் டைஃபினைல்கார்பசைடு விட்டேன், ஆறு இணைதிறன் குரோமியம் துளி இருந்தாலும் ஊதா அடிக்கும். அடிக்கவில்லை. சீனியர் எட்டிப் பார்த்துவிட்டு, டம்ளரைக் கழுவி வை என்றார்.