ஒவ்வாமைக் குறியீடும் இன்சூரன்ஸும்: அமெரிக்க வாசகர்களின் கேள்வி-பதில்

கேள்வி: இறால் சாப்பிட்ட என் மனைவிக்கு மூச்சு முட்டி எமர்ஜென்சிக்கு ஓடினோம். அந்த பில்லில் டி78.02எக்ஸ்ஏ (T78.02XA) என்ற நோய்க்குறியீட்டைப் போட்டிருந்தார்கள். பிறகு பார்த்த அலர்ஜி டாக்டரின் பில்லில் இசட்91.013 இருக்கிறது. ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் இன்சூரன்ஸ் பணம் தர மறுக்கிறது. குறியீடு மாறியதுதான் காரணமா?

பதில்: அதுவாக இருக்க வாய்ப்பு குறைவு, ஏனென்றால் இரண்டும் சொல்வது வேறு வேறு விஷயம். டி78.02 என்பது நடந்த சம்பவம்: இறால், நண்டு வகையால் உடம்பு முழுக்க வந்த கடுமையான எதிர்வினை. எக்ஸ் வெறும் இடம் நிரப்பி. கடைசியில் இருக்கும் ஏ, அந்தப் பாதிப்புக்கு அப்போதுதான் சிகிச்சை நடந்தது என்று காட்டும். பின்னால் வெறும் கவனிப்புக்காகப் போகும்போது அந்த ஏ இருந்த இடத்தில் டி (D) வரும். இசட்91.013 அப்படி இல்லை, இவருக்குக் கடல் உணவு ஆகாது என்று நிரந்தரமாக எழுதி வைக்கும் குறிப்பு, இன்றைக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும் அது இருக்கும். அதனால் எமர்ஜென்சியில் முதலாவது, சாதாரண விசிட்டில் இரண்டாவது என்பது நியாயம்தான். சாதாரண விசிட்டிலும் ஏ போட்டிருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும், அந்த எதிர்வினைக்கு அன்றும் சிகிச்சை நடந்த மாதிரி ஆகிவிடும்.

அப்படியானால் பரிசோதனை ஏன் மறுக்கப்பட்டது? வரிவாரியான பில்லைக் கேட்டு வாங்குங்கள், மொத்தத் தொகை மட்டும் இருக்கும் சீட்டு எதற்கும் உதவாது. அதில் ஒவ்வொரு பரிசோதனை வரிக்கும் எந்த நோய்க்குறியீடு இணைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள், இல்லாவிட்டால் பில்லிங் பிரிவில் கேளுங்கள். இசட்00.00, அதாவது வருடாந்திர உடல் பரிசோதனைக்கான குறியீடு அங்கே ஒட்டியிருந்தால், அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு எதற்கு அலர்ஜி சோதனை என்று இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். அப்படியென்றால் உங்கள் மனைவிக்கு நடந்தது டாக்டரின் குறிப்பில் இருக்கும், பில்லில் ஏறியிருக்காது, அவ்வளவுதான். இன்சூரன்ஸுக்கு போன் போட்டு மணிக்கணக்கில் இசை கேட்பதைவிட டாக்டர் அலுவலகத்தின் பில்லிங் ஆளிடம் "திருத்திய க்ளெய்ம் அனுப்புங்கள்" என்று கேட்பது வேகமாக வேலை செய்யும். ஆனால் "பணம் வருகிற குறியீடாகப் போடுங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். அது மோசடிக்கணக்கு, டாக்டரும் மாட்டுவார். குறிப்பில் உள்ளதுதான் பில்லிலும் இருக்க வேண்டும், அதைத்தான் கேட்கலாம்.

இன்னொன்று, எண்ணிக்கையைச் சரிபாருங்கள். ஐஜிஇ (ஒவ்வாமையைக் காட்டும் எதிர்ப்புப் புரதம்) ரத்தப் பரிசோதனை 86003 என்ற பரிசோதனைக் குறியீட்டில், ஒவ்வொரு உணவுக்கும் ஒன்றாகக் கணக்காகும். இறால், நண்டு என்று இரண்டு மட்டும் கேட்ட இடத்தில் பெரிய பட்டியலையே ஓட்டியிருந்தால் பில் வீங்கிப்போகும்.

திருத்தியும் மறுத்தால் அப்பீல். பெரும்பாலான திட்டங்களில் மறுப்புக் கடிதம் கிடைத்ததிலிருந்து 180 நாள் அவகாசம் உண்டு. முடிந்துபோன சிகிச்சை என்றால் 60 நாளுக்குள் அவர்கள் பதில் சொல்ல வேண்டும். மருத்துவ ரீதியாகத் தேவையில்லை என்று அதையும் தள்ளினால், நான்கு மாதத்துக்குள் வெளி நபரின் மறுபரிசீலனை கேட்கலாம்.

கேள்வி: நண்டு சாப்பிட்ட மறுநாள் தடிப்பு வந்தது. டாக்டர் "இருக்கலாம்" என்றுதான் சொன்னார், ஆனால் ரெக்கார்டில் கடல் உணவு ஒவ்வாமை என்று உறுதியாக ஏறிவிட்டது. இப்போது சிடி ஸ்கேனில் மருந்து ஏற்றத் தயங்குகிறார்கள். பிரீமியமும் ஏறுமா?

பதில்: வெளிநோயாளி விசிட்டில் "சந்தேகம்", "இருக்கலாம்" என்பதை உறுதியான நோயாகக் குறியிடக் கூடாது என்று ஐசிடி-10-சிஎம் (அமெரிக்காவில் இந்த நோய்க்குறியீடுகளின் தொகுப்பு) விதியே சொல்கிறது (மருத்துவமனையில் தங்கியவர்களுக்கு விதி வேறு). அன்று தெரிந்த அறிகுறியைத்தான் போட வேண்டும், வகை குறிப்பிடாத அரிப்புத் தடிப்பு என்றால் எல்50.9. எனவே திருத்தச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். ஹிப்பா என்ற மருத்துவத் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி 60 நாளுக்குள் பதில் தர வேண்டும், ஒரு முறை 30 நாள் நீட்டிக்கலாம். மறுத்தால் உங்கள் ஆட்சேபத்தை ரெக்கார்டோடு சேர்க்கச் சொல்லும் உரிமை உண்டு. அதற்கு முன் அலர்ஜி டாக்டரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். அவர் சொல்லும்வரை நண்டு வேண்டாம், நிஜமாகவே ஒவ்வாமை இருந்து அதை ரெக்கார்டில் அழித்துவிட்டால் அதுதான் ஆபத்து.

ஸ்கேன் தயக்கம் பழைய நம்பிக்கை. கடல் உணவில் அயோடின், ஸ்கேன் மருந்திலும் அயோடின் என்று முடிச்சுப் போட்டுவிட்டார்கள். இறால், நண்டில் ஒவ்வாமையைக் கிளப்புவது பெரும்பாலும் ட்ரோபோமயோசின் என்ற தசைப் புரதம், அயோடின் இல்லை. ஸ்கேன் மருந்து ஒவ்வாமைக்குத் தனியாக இசட்91.041 இருக்கிறது. உங்கள் ரெக்கார்டில் அது இல்லை என்பதை ஸ்கேன் செய்பவரிடம் காட்டுங்கள்.

பிரீமியம்? 2014 முதல் ஏசிஏ ("ஒபாமாகேர்" சட்டம்) மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் பழைய நோயைக் காட்டிக் கூட்ட முடியாது. ஆயுள் காப்பீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

கேள்வி: லேபிளில் ஒவ்வாமைப் பட்டியலில் எதுவும் இல்லை என்றால் கணவாய், சிப்பி ஆகாதவரும் வாங்கலாமா?

பதில்: அதை நம்பி வாங்காதீர்கள். 2004-ஆம் ஆண்டு உணவு ஒவ்வாமை லேபிள் சட்டம் கடல் உணவில் கட்டாயம் குறிப்பிடச் சொல்வது மீனையும், இறால், நண்டு, சிங்கி இறால் போன்றவற்றையும்தான். கணவாய், சிப்பி, மட்டி அந்தக் கட்டாயத்தில் வராது. இசட்91.013 குறியீடு எல்லாவற்றையும் கடல் உணவு என்று ஒரே மூட்டையில் கட்டும், லேபிள் அப்படிக் கட்டாது. பொருட்பட்டியல் முழுவதையும் படியுங்கள்; "இயற்கைச் சுவையூட்டி" என்று மட்டும் இருந்தால் தயாரிப்பாளருக்கு எழுதிக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.